அப்பாவின் இருமலும் கனடா விசாவும்: ஏஜென்ட் சொல்வதைக் கேட்காதீர்கள்

கேள்வி: ஆனையூர் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் இருக்கிறோம். அப்பாவுக்கு மூன்று வாரமாக இருமல். பல வருடங்களுக்கு முன் காசநோய் வந்து குணமானவர். முகாமுக்கு வந்து எக்ஸ்ரே எடுத்துப்போனவர்கள் முடிவைச் சொல்லவில்லை. கனடாவிலிருந்து அக்கா ஸ்பான்சர் செய்கிறார். அரசு ஆஸ்பத்திரியில் காட்டினால் பெயர் பதிவாகி விசா போய்விடும், ரத்தப் பரிசோதனை செய்து சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்கிறார் ஒரு ஏஜென்ட். என்ன செய்வது?

பதில்: அந்த ஆளுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள், சகோதரி. காசநோய்க்கென்று விற்றுவந்த ரத்த எதிர்ப்பொருள் பரிசோதனைகளை இந்திய அரசு 2012-லேயே தடை செய்துவிட்டது. இன்னும் அதைச் சொல்லிக் காசு பிடுங்குகிறார்கள். கனடாவுக்கான மருத்துவப் பரிசோதனையை அந்நாடு அங்கீகரித்த மருத்துவர்தான் செய்வார். முடிவையும் அவரே நேரடியாக அனுப்பிவிடுவார். இடையில் யார் தரும் சான்றிதழும் செல்லாது. அந்த மருத்துவர்களின் பட்டியல் கனடா குடிவரவுத் துறையின் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

இப்போது வேண்டியது சளிப் பரிசோதனை. ஆரம்ப சுகாதார நிலையத்திலோ மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையிலோ கொடுக்கலாம், கட்டணம் கிடையாது. பலர் எச்சிலைத் துப்பிக் கொடுத்துவிட்டு ‘ஒன்றுமில்லையாம்’ என்று நிம்மதியாகிவிடுகிறார்கள். காலையில் எழுந்ததும் வாயை வெறும் தண்ணீரில் கொப்பளித்து, வெட்டவெளியில் நின்று, நன்றாக மூச்சிழுத்து, அடி நெஞ்சிலிருந்து இருமி, கெட்டியான சளியை டப்பாவில் எடுக்க வேண்டும்.

அப்பா விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. குணமான காசநோய் நுரையீரலில் தழும்பை விட்டுச்செல்லும். எக்ஸ்ரேயில் அது ஆயுளுக்கும் தெரியும். அதைப் பார்த்து நோய் திரும்பிவிட்டது என்று பயப்படவும் வேண்டாம், ‘பழைய தழும்புதான்’ என்று யாராவது சொன்னால் சும்மா இருந்துவிடவும் வேண்டாம், ஏனென்றால் ஒருமுறை வந்தவருக்கு மறுபடி வரலாம். விசா மருத்துவரும் சளி கேட்பார். சளியிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் ‘கல்ச்சர்’ பரிசோதனையின் முடிவுக்கு 8 வாரம்கூட ஆகலாம். அன்றைய சிகிச்சை அட்டை, பழைய எக்ஸ்ரே படம் எதுவானாலும் தேடி எடுங்கள். பழைய படத்தோடு ஒப்பிட்டுத் தழும்பு மாறவில்லை என்று காட்டமுடிந்தால் பாதி அலைச்சல் மிச்சம்.

நோய் உறுதியானாலும் கனடா கதவைச் சாத்திவிடாது. சிகிச்சை முடியும்வரை பயணம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். வழக்கமான காசநோய்க்கு ஆறு மாதம் மாத்திரை, இலவசம். சத்துணவுக்கு மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். ஆதார், பாஸ்புக் என்று அதற்கு இழுத்தடிப்பார்கள். நோயாளியிடம் காகிதம் கேட்டு அலையவிடுவதைப் பார்த்துப் பார்த்து எனக்கே அலுத்துவிட்டது. ஆனால் காகிதம் இல்லையென்று மாத்திரையை யாரும் நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் அரசின் காசநோய் உதவி எண் 1800-11-6666-க்குப் போன் செய்யுங்கள், கட்டணமில்லை. காசநோய் வந்ததற்காக முகாம் பதிவிலிருந்து பெயரை எடுக்க மாட்டார்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்தால் மட்டும், முகாமில் ஆள் கணக்கெடுக்கும் செக்கிங் நாளுக்கு முன்பே ஆஸ்பத்திரி அட்மிஷன் சீட்டின் நகலை முகாம் அதிகாரியிடம் கொடுத்துவிடுங்கள்.

முகாமில் எடுத்த எக்ஸ்ரேயின் முடிவுக்காகக் காத்திருக்க வேண்டாம். நாளைக் காலையே டப்பா வாங்கிவிடுங்கள். வீட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். அப்பாவுக்கு நோய் உறுதியானால், குழந்தையைப் பரிசோதித்துத் தடுப்பு மாத்திரை கொடுப்பார்கள்.