கலோரிக் கணக்கா, கிராம் கணக்கா?

கேள்வி: எனக்கு வயது 42, எடை 74 கிலோ, முட்டையும் சேர்க்காத சைவம். அலுவலகத்தில் உட்கார்ந்து செய்யும் வேலை. நான்கு மாதங்களாக, மாவுச்சத்தைக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் பேலியோ முறையில், காலையில் நூறு பாதாம், மதியம் 200 கிராம் பனீர், இரவில் தேங்காய் எண்ணெயில் வதக்கிய காய்கறி என்று சாப்பிட்டு வருகிறேன். மாவுச்சத்து 40 கிராமைத் தாண்டுவதில்லை. முதல் மாதம் மளமளவென்று குறைந்த எடை இப்போது அசையவே இல்லை. கலோரியை எண்ணச் சொல்கிறார் கணவர். மாவுச்சத்து, புரதம், கொழுப்பு ஆகியவற்றின் அளவு சரியாக இருந்தால் கலோரியைப் பார்க்கவே வேண்டாம் என்கிறார்கள் தோழிகள். எது சரி?
– வாசகி, மதுரை

பதில்: இவை இரண்டும் வெவ்வேறு கணக்குகள் அல்ல. ஒரு கிராம் மாவுச்சத்திலும் புரதத்திலும் தலா 4 கலோரி, கொழுப்பில் 9 கலோரி இருப்பதால், மூன்றையும் கிராமில் எழுதி வைப்பவர் தமக்குத் தெரியாமலேயே கலோரியையும் எழுதி வைக்கிறார். ஆனால் உங்களைப் போலப் பலரும் மாவுச்சத்தை மட்டுமே எழுதுகிறார்கள், கொழுப்பை எழுதுவதில்லை.

உங்கள் தட்டையே எடுத்துக்கொள்வோம். நூறு பாதாமின் எடை ஏறத்தாழ 120 கிராம். அதிலேயே 700 கலோரி வந்துவிடுகிறது. பாதாமில் 60 கிராம், பனீரில் சுமார் 45 கிராம், வதக்குவதற்கு மூன்று மேசைக்கரண்டி எண்ணெய் என்றால் அதில் 40 கிராம் என்று கொழுப்பு மட்டும் 145 கிராமை எட்டுகிறது. மொத்தம் 1,700 கலோரியில் முக்கால் பங்கு கொழுப்பிலிருந்தே வருகிறது. உட்கார்ந்த வேலை பார்க்கும் உங்கள் உடல் ஒரு நாளில் செலவிடுவதும் அநேகமாக அவ்வளவுதான் என்பதால், எடை நின்றதில் வியப்பில்லை. முதல் மாதம் குறைந்ததில் ஒரு பகுதி, தசையிலும் கல்லீரலிலும் சேமிக்கப்பட்டிருந்த கிளைகோஜன் என்னும் மாவுச்சத்தோடு வெளியேறிய நீர்.

தோழிகள் சொல்வதிலும் ஓரளவு உண்மை உண்டு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் 609 பேரைக் கொண்டு நடத்தி 2018-இல் வெளியிட்ட ஆய்வில், யாருக்கும் கலோரி இலக்கு தரப்படவில்லை. ஆனாலும் ஓராண்டு முடிவில் கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரியாக 5.3 கிலோவும், மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோவும் இழந்திருந்தார்கள்; அந்த வேறுபாடு பொருட்படுத்தத்தக்கதன்று. இரு தரப்பினரும் முன்பைவிடக் குறைவாகச் சாப்பிட்டதுதான் காரணம். பசி தானாக அடங்கிவிடுகிறவருக்கு எண்ணத் தேவையில்லை. பசியில்லாதபோதும் பாதாமைக் கொறிப்பவருக்கு அந்தச் சலுகை கிடையாது.

எனவே புரதத்திலிருந்து தொடங்குங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பரிந்துரைப்பது கிலோவுக்கு 0.83 கிராம், அதாவது உங்களுக்கு 61 கிராம். இப்போது அதைத்தான் ஒட்டி நிற்கிறீர்கள். எடை குறையும் காலத்தில் தசை கரையாதிருக்க இன்னும் சற்றுக் கூடுதலாக வேண்டும். பாதாமை ஐம்பதாக்கி, எண்ணெயைப் பாதியாக்கி, 50 கிராம் மீல்மேக்கர் சேர்த்தால், மாவுச்சத்து பெரிதாகக் கூடாமலே புரதம் 74 கிராமுக்கு உயரும். கலோரி 1,350 அளவுக்கு இறங்கும். எண்ணெயைச் சட்டியில் கண்ணளவாக ஊற்றாமல் கரண்டியால் அளந்து ஊற்றுங்கள். கணக்கு பெரும்பாலும் அங்கேதான் தவறுகிறது.

சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவராக இருந்தால், மருந்தின் அளவை மருத்துவர் மாற்றித் தந்த பிறகே மாவுச்சத்தைக் குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் இரத்தச் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்துவிடக்கூடும்.