பாம் செடியும் தொட்டியடி ஜல்லியும்: வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பாம் (palm) செடியைப் பற்றித்தான். ஒரே கேள்வியை நாலு பேர் கேட்டிருந்தால் ஒருவருக்கு மட்டும் பதில் எழுதியிருக்கிறேன். மற்ற மூவரும் கோபித்துக்கொள்ளாமல் அதையே படித்துக்கொள்ளவும்.

அரிக்கா பாம் வாங்கி மூன்று வருஷம் ஆகிறது. மே மாதம் லீவு இருப்பதால் அப்போது தொட்டி மாற்றலாமா? (ஆசிரியை, மதுரை)

லீவு உங்களுக்குத்தான் டீச்சர், செடிக்கு இல்லை. அக்னி நட்சத்திர வெயிலில் இலை விடும் தண்ணீரை, இடம் பெயர்ந்த வேரால் ஈடுகட்ட முடியாது. ஆடி, ஆவணி நல்ல காலம். அது தவறினால் தை கடைசியில் தொடங்கி மாசிக்குள் முடியுங்கள். கடலோர மாவட்டக்காரர்கள் ஐப்பசி அடைமழைக்கு ஒன்றரை மாதம் முன்னாலேயே வேலையை முடித்துவிட வேண்டும். வேர் பிடிக்காத செடி மழையில் ஊறினால் அழுகல்தான்.

அதற்கு முன்னால், மாற்றத்தான் வேண்டுமா என்று பாருங்கள். ஊற்றிய தண்ணீர் நிற்காமல் ஓட்டை வழியே ஓடினாலோ, ஓட்டையில் வேர் எட்டிப் பார்த்தாலோ, செடி தன்னைத்தானே தூக்கிக்கொண்டு தொட்டி விளிம்புக்கு மேலே வந்திருந்தாலோ மாற்றலாம். இவை எதுவும் இல்லையென்றால் கை வைக்காதீர்கள். பாம் நெருக்கத்தில் சந்தோஷமாக இருக்கும்.

10 அங்குலத் தொட்டியில் இருக்கிறது. அடிக்கடி மாற்ற வேண்டாம் என்று நேரே 20 அங்குலம் வாங்கிவிட்டேன். சரிதானே?

வாங்கிவிட்டு எதற்குக் கேட்கிறீர்கள்? 12 போதும். வளர்கிற பிள்ளைக்குப் பெரிய சட்டை எடுக்கிற கணக்கு இங்கே பலிக்காது. வேர் எட்டாத மண்ணில் தண்ணீரை உறிஞ்ச ஆள் இல்லை. ஈரம் தேங்கிப் புளித்துப்போகும். அந்த 20 அங்குலத்தில் ஒரு எலுமிச்சை வையுங்கள்.

என் பாம் வாடுகிறது. என்ன செய்யலாம்?

என்ன பாம், எந்த ஊர், வெயிலா நிழலா, எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர்? ஒன்றும் எழுதவில்லை. ஜோசியம் எனக்குத் தெரியாது.

தொட்டியின் அடியில் ஜல்லி எத்தனை அங்குலம் போட வேண்டும்? ஒருவர் இரண்டு என்கிறார், ஒருவர் நாலு என்கிறார். (வேளச்சேரி)

போடவே வேண்டாம்.

இந்த ஒரு கேள்விக்கு நான் பதில் எழுதிய தாளை எல்லாம் மக்க வைத்திருந்தால் ஒரு தொட்டிக்கு உரம் தேறியிருக்கும். ஜல்லி போட்டால் தண்ணீர் வடியும் என்பது கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் நடப்பது நேர்மாறு. பொடி மண் தன் நுண்ணிய சந்துகளில் தண்ணீரை இறுக்கிப் பிடித்து வைத்திருக்கும். கீழே பெரிய பெரிய சந்துள்ள ஜல்லி இருந்தால் அதற்குள் லேசில் இறங்காது. மண்ணின் அடிப்பகுதி சொதசொதவென்று நிறைந்த பிறகுதான் சொட்டும். எந்தத் தொட்டியிலும் அடியில் அப்படி ஒரு சொதசொதப்பு உண்டு. ஜல்லி அதை ஒழிப்பதில்லை, மூன்று அங்குலம் மேலே தூக்கி வேருக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைக்கிறது. காசு கொடுத்து 12 அங்குல உயரத் தொட்டி வாங்கி அதை 9 அங்குலம் ஆக்குகிறீர்கள்.

நம்பாதவர்கள் அடுக்களைக்குப் போங்கள். பாத்திரம் தேய்க்கும் நீள ஸ்பாஞ்சை நன்றாக நனைத்து, படுக்கை வசமாகப் பிடியுங்கள். சொட்டி முடியட்டும். பிறகு பிழியாமல் அதையே செங்குத்தாக நிறுத்துங்கள், மறுபடி சொட்டும். அதே ஸ்பாஞ்சு, அதே தண்ணீர். உயரம் மட்டும்தான் கூடியது. மண்ணின் உயரம்தான் தண்ணீரை வடிக்கிறது. அந்த உயரத்தைத்தான் ஜல்லி தின்றுவிடுகிறது.

போன ஆவணியில் ஒரு நண்பர் வீட்டு அரிக்காவைக் கவிழ்த்தோம். கட்டட வேலையில் மிஞ்சிய முக்கால் அங்குல ஜல்லி அடியில் ஒரு சாண். அதற்கு மேலே கறுத்த சேறு, சாக்கடை வாடை. வேரை இரண்டு விரலால் உருவினால் தோல் கழன்று கையோடு வந்தது, உள்ளே நூல் மட்டும் மிச்சம். ‘வடியட்டும் என்றுதானே போட்டேன்’ என்றார். பாவம், எல்லோரும் அப்படித்தான் போடுகிறார்கள்.

மண் வெளியேறாமல் இருக்க ஓட்டையின் மேல் ஒரே ஒரு ஓட்டாஞ்சில்லைக் கவிழ்த்து வையுங்கள், அல்லது ஒரு துண்டுக் கொசுவலை. வடிகால் வேண்டுமானால் கலவையில்தான் வேண்டும்: செம்மண் இரண்டு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒன்று, மட்கிய எரு ஒன்று, பருமணல் ஒன்று. ஆற்று மணல் கிடைக்காமல் எம்-சாண்ட் போடுகிறவர்கள் அதன் தூள் போகும்வரை அலசிப் போடவும். அலசாவிட்டால் கெட்டிப்பட்டுப் போகும். பொள்ளாச்சிக் கட்டி என்று விற்கும் நார்க்கழிவுக் கட்டியையும் ஊற வைத்து இரண்டு தடவை பிழிந்து உப்பை எடுத்துவிடுங்கள்.

நர்சரிச் செடி களிமண் உருண்டையோடு வந்தது. எல்லாவற்றையும் கழுவி, வேரைக் கொஞ்சம் வெட்டிவிட்டு நடலாமா? வீடியோவில் அப்படித்தான் செய்கிறார்கள்.

அந்த வீடியோவில் இருந்தது என்ன செடி? கொய்யாவுக்குச் செய்வதைப் பாமுக்குச் செய்யக்கூடாது. பாம் வகைகள் பலவற்றில் வெட்டிய வேர் பெரும்பாலும் கிளைக்காது. பின்னோக்கிச் செத்துக்கொண்டே போகும். புது வேர் தண்டின் அடியிலிருந்துதான் கிளம்ப வேண்டும், அதற்கு மாதக்கணக்காகும்.

ஆந்திராவின் கடியம் பக்கத்திலிருந்து லாரியில் வரும் செடிகள் பலவும் இப்படிக் களிமண்ணில்தான் வருகின்றன, வழியில் உதிராமல் இருக்கும் என்பதால். உருண்டையைச் சேதமில்லாமல் வாளித் தண்ணீரில் ஒரு மணி நேரம் வையுங்கள். வெளிப்புறத்து மண் இளகியதும் விரலால் உதிர்த்து, உள்ளே மூங்கில் குச்சியால் ஏழெட்டு இடத்தில் குத்திவிடுங்கள். போதும். அடியில் இடியாப்பம் மாதிரிச் சுற்றிக்கிடக்கும் வேரை அப்படியே விடுங்கள்.

நட்ட பிறகு செடி ஆடுகிறது. இன்னும் நாலு அங்குலம் ஆழமாகப் புதைக்கலாமா?

கூடாது. பழைய மண் மட்டம்தான் புது மண் மட்டம். இதை நான் சொல்லாத மாதம் இல்லை. ஒரு விசிறிப் பாமை இப்படி ஆழப் புதைத்து நானே கொன்றிருக்கிறேன். உடனே சாகவில்லை, இரண்டு வருஷம் புதுக் குருத்து ஒவ்வொன்றும் முந்தியதைவிடச் சிறிதாக வந்தது, நான் உரம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆடினால் மூங்கில் நட்டுத் தளரக் கட்டுங்கள்.

படத்தில் உள்ள பாமுக்கு எப்போது தொட்டி மாற்றலாம்?

படத்தில் உள்ளது சைக்கஸ். ‘சேகோ பாம்’ என்று விற்பார்கள், பாம் இல்லை. நாய்க்குட்டி இருக்கும் வீடு என்றால் எட்டாத இடத்தில் வையுங்கள், விஷம்.

அரிக்காவைப் பிரித்து இரண்டு தொட்டியாக்கலாமா?

ஒரு தொட்டியில் பத்துப் பதினைந்து விதையைப் போட்டு அடர்த்தி காட்டியிருப்பார்கள், வேரெல்லாம் பின்னிக்கிடக்கும். பிரித்தால் பாதி போய்விடும். பிரித்தே தீர வேண்டுமென்றால் ரேபிஸ் (Rhapis) என்ற பாம் வகையை வாங்குங்கள்; அது கிழங்கு ஓடிப் பக்கத்தில் குருத்து விடும், வேரோடு பிரிந்து வரும்.

தொட்டி மாற்றிப் பத்து நாள். அடி இலை மஞ்சளாகிறது. டிஏபி போடலாமா? (கோவை)

போடாதீர்கள். இரண்டு மாதம் எந்த உரமும் வேண்டாம். நிழல், அளவான தண்ணீர், அவ்வளவுதான். ஒன்றிரண்டு அடி இலை போவது சகஜம். முழுக்கக் காயும்வரை அதை வெட்டவும் வேண்டாம். செடி அதிலிருந்து பொட்டாசியத்தைப் புது இலைக்கு எடுத்துக்கொண்டிருக்கும். குருத்து மஞ்சளானால் மட்டும் திரும்ப எழுதுங்கள்.

செடி சீலிங்கைத் தொடுகிறது. உச்சியை வெட்டினால் கிளைக்குமா?

செத்துப்போகும். பாமுக்குத் தண்டு ஒன்றுக்குக் குருத்து ஒன்றுதான். அரிக்கா என்றால் உயரமான தண்டை மட்டும் அடியோடு அறுத்துவிடுங்கள், மற்றவை வளரும்.

தொட்டியிலிருந்து செடி வரவே மாட்டேன் என்கிறது.

முந்தின நாள் தண்ணீர் விடுங்கள். படுக்கப் போட்டு உருட்டித் தட்டுங்கள். தண்டைப் பிடித்து இழுக்கக்கூடாது. அப்படியும் வராவிட்டால் தொட்டியை உடையுங்கள், செடியைவிட அது மலிவு.

பீங்கான் தொட்டி அழகாக இருக்கிறது, ஆனால் ஓட்டை இல்லை. அடியில் ஜல்லி போட்டுவிட்டால் சமாளிக்கலாமா?

வேளச்சேரிக்காரருக்கு எழுதிய பதிலைப் படிக்கவும். பிறகு துளை போடும் கடைக்குப் போகவும்.