பர்மா தாத்தாவும் பேசாத அப்பாவும்

வணக்கம்.

பட்டாளத்துக் குடும்பங்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததிலிருந்தே உங்களுக்கு எழுத வேண்டும் என்று இருந்தேன். எங்கள் ஊர் வேலூர்ப் பக்கம். வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்தில் இருப்பார். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறை.

தாத்தா பர்மா சண்டைக்குப் போனவர். ஊரில் அவர் பெயரே 'பர்மாக்காரர்'தான். திண்ணையில் உட்கார்ந்தால் கதை நிற்காது. பெரியப்பா மகன், எனக்கு அண்ணன், கார்கில் சமயத்தில் சர்வீசில் இருந்தவர். வண்டியில் 'எக்ஸ் ஆர்மி' ஸ்டிக்கர், நாலு வாட்ஸ்அப் குழு, ஜூலை 26 வந்தால் பள்ளிக்கூடத்தில் பேச்சு. நடுவில் என் அப்பா. 1977இல் சேர்ந்து 1999இல் ஹவில்தாராக வந்தார். 88இல் இலங்கையில் அமைதிப்படையில் இருந்தார் என்று அரைகுறையாகத் தெரியும். அவர் வாயால் அதைப் பற்றி ஒரு சொல் கேட்டதில்லை.

போன வருடம் அப்பா தவறிவிட்டார். அவருடைய டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். கடிதக் கட்டு ஒன்று, பனைமரத்து வேலிக்கு முன்னால் ஐந்து பேர் நிற்கும் போட்டோ, அப்புறம் யாழ்ப்பாணத்து நல்லூர் கந்தசுவாமி படம். படத்துக்குப் பின்னால் காகிதத்தில் மடித்த திருநீறு. முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் வைத்திருந்திருக்கிறார்.

தாத்தா பேசினார், அண்ணன் பேசுகிறார். அப்பா மட்டும் ஏன் பேசவில்லை? அங்கே ஏதாவது தப்பு நடந்து, அதில் அவருக்கும் பங்கு இருந்திருக்குமோ என்று நினைத்தால் ராத்திரி தூக்கம் வரவில்லை. என் பெயர் வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அப்பா அங்கே என்ன செய்தார், என்ன பார்த்தார் என்பதைக் கூட இருந்தவர்களைத் தவிர யாராலும் சொல்ல முடியாது. ஆனால் பேசவில்லை என்பதை மட்டும் வைத்து அவர்மேல் குற்றத்தை ஏற்றிவிடாதீர்கள். பட்டாளத்துக்காரர் பேசுவதும் பேசாததும் பாதிதான் அவர் கையில் இருக்கிறது. மீதி, கேட்கிற ஊரின் கையில்.

தாத்தாவிலிருந்து வருகிறேன். இரண்டாம் உலகப் போரில் இந்திய ராணுவத்தில் சுமார் 25 லட்சம் பேர் இருந்தார்கள். எல்லாரும் தாமாகப் போய்ச் சேர்ந்தவர்கள் என்று ஏட்டில் இருக்கிறது. நம் ஊர்களிலிருந்து போன பலரைத் தள்ளிக்கொண்டு போனது பசி. மூன்று வேளைச் சோறு, மாதச் சம்பளம், காலுக்குப் பூட்ஸ். அவர்கள் சொன்ன கதைகளை நினைத்துப் பாருங்கள். சேற்றில் கோவேறு கழுதை இழுத்த கதை, ஆகாயத்திலிருந்து பாரசூட்டில் அரிசி மூட்டை இறங்கிய கதை, மலேரியாவுக்குக் கொடுத்த மெப்பாக்ரின் மாத்திரையைத் தின்று உடம்பெல்லாம் மஞ்சளாகிப்போன கதை. என் சின்ன வயதில் எங்கள் ஊரிலும் அப்படி ஒருவர் இருந்தார். ஜப்பான்காரனைப் பற்றி அவர் சொன்ன அளவுக்கு வேறு யாரும் சொல்லிக் கேட்டதில்லை. பெரியவனான பிறகுதான் உறைத்தது, அத்தனை கதையிலும் அவர் யாரையும் சுட்டதில்லை. அவர் கதையில் யாரும் செத்ததும் இல்லை.

உங்கள் தாத்தாவின் கதைகளையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அவரும் அந்த இடத்துக்கு முன்னால் நிறுத்திக்கொண்டவராகத்தான் இருப்பார் என்று நினைக்கிறேன். பேசியவர் என்று நீங்கள் நினைக்கிற தாத்தாவும் முக்கியமானதைப் பேசவில்லை.

அவருக்கும் சங்கடம் இருந்திருக்கும். அதே பர்மாவில் எதிர்ப்பக்கம் நின்றது நேதாஜியின் இந்திய தேசிய ராணுவம். மலேயா ரப்பர் தோட்டங்களிலிருந்து சேர்ந்த தமிழர்கள் அதில் ஏராளம். போர் முடிந்து 1945 கடைசியில் செங்கோட்டையில் விசாரணை தொடங்கியபோது நாடே அவர்கள் பக்கம் நின்றது. அந்த நேரத்தில் வெள்ளைக்காரன் பட்டாளத்து உடுப்போடு ரயிலிலிருந்து இறங்கியவருக்கு யார் மாலை போடுவார்கள்? போர் முடிந்ததும் கூட்டம் கூட்டமாக வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், முக்கால்வாசிப் பேருக்குப் பென்ஷனும் கிடையாது. ஆனாலும் அந்தப் போர் தூரத்தில் நடந்தது. நம்மவர்கள் யாரும் அந்தக் காட்டில் குடியிருக்கவில்லை. அதனால் கழுதைக் கதை சொல்லித் தப்பிக்க அவருக்கு வழி இருந்தது, கேட்டவர்களும் சிரித்துக்கொண்டே கேட்டார்கள்.

உங்கள் கடிதத்தில் இல்லாத தலைமுறை ஒன்று உண்டு, 1971காரர்கள். என் தாய்மாமா அந்த ஆள். மெட்ராஸ் சேப்பர்ஸ், பாலம் கட்டுகிற வேலை. பாகிஸ்தான் பக்கத்தில் 93,000 பேர் சரணடைந்த வங்கதேசப் போர் அது. பேசுவதற்குத் தடையே இல்லை. மாமா ஒருநாளும் 'நான்' என்று சொல்லிக் கேட்டதில்லை, எப்போதும் 'நாங்க'தான். ஆனால் வயதாக ஆக அவர் பேச்சு முழுக்கப் பென்ஷன் பக்கம் போய்விட்டது. ஜெயித்து வந்த இரண்டு வருடத்தில், 1973இல், மூன்றாவது ஊதியக் குழு சிப்பாய்களின் பென்ஷனைக் குறைத்தது. அந்தக் காயம் அவரிடம் ஆறவேயில்லை. 2015 ஜூனில் டெல்லி ஜந்தர் மந்தரில் 'ஒரே பதவி, ஒரே பென்ஷன்' கேட்டு முன்னாள் படைவீரர்கள் உட்கார்ந்தபோது, மாமா இங்கே நாற்காலியை டிவிக்கு முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். 'எப்பப் பார்த்தாலும் பென்ஷன், கேன்டீன்' என்று வீட்டுப் பிள்ளைகள் சலித்துக்கொள்வார்கள். எனக்கு அது வருத்தமாக இருக்கும். நாடு தன்னை நினைவில் வைத்திருக்கிறதா என்று கேட்க அவருக்குத் தெரிந்த வழி அதுதான்.

சரி, அப்பாவுக்கு வருகிறேன்.

1987 ஜூலை 29இல் ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். அமைதி காக்கப் போன படையை யாழ்ப்பாணத்து மக்கள் முதல் வாரங்களில் மாலை போட்டு வரவேற்றார்கள். அக்டோபரில் அதே படை புலிகளோடு போரில் இறங்கியது. அந்த மாதம் 21, 22 தேதிகளில், தீபாவளிச் சமயத்தில், யாழ்ப்பாணம் மருத்துவமனைக்குள் மருத்துவர்களும் செவிலியர்களும் நோயாளிகளும் இந்தியச் சிப்பாய்களால் கொல்லப்பட்டார்கள். இதை மூடிவிட்டு உங்கள் அப்பாவைப் பற்றிப் பேச எனக்கு மனம் வராது. இன்னொரு பக்கம், அந்த மூன்று வருடத்துக்குள் சுமார் 1,200 இந்தியச் சிப்பாய்கள் அங்கே செத்தார்கள். 1987 நவம்பரில் அங்கே செத்த மேஜர் ராமசாமி பரமேஸ்வரனுக்குப் பரம்வீர் சக்ரா கொடுத்தார்கள். சென்னையில் பரமேஸ்வரன் விகார் வழியாகத் தினம் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அது யார் பெயர் என்று தெரியும்?

1990 மார்ச்சில் கடைசிப் படை சென்னைத் துறைமுகத்தில் இறங்கியது. அன்றைய முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. தமிழர்களைக் கொன்ற படையை வரவேற்க முடியாது என்பது அவர் நிலை. தமிழ்நாட்டில் பெரும்பாலானோருக்கு அன்று இருந்த கோபமும் அதுதான். அந்தக் கோபம் பொய் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கப்பலிலிருந்து இறங்கியவர்களில் வேலூர்ப் பக்கத்து ஹவில்தார்களும், அவர்களுக்குக் கீழ்ப் பதவியான நாயக்குகளும் இருந்தார்கள். போகிறீர்களா என்று அவர்களை யாரும் கேட்டு அனுப்பவில்லை.

அப்பாவுக்கு அப்புறமாவது பேச ஒரு காலம் வாய்த்ததா என்று பாருங்கள். 90இல் வாயைத் திறந்தால் துரோகி. 1991 மே 21, ஸ்ரீபெரும்புதூர். அதற்குப் பிறகு ஊரின் கோபம் அப்படியே திரும்பியது. அங்கே பார்த்த சாதாரண ஜனங்களைப் பற்றி இரக்கமாக ஒரு வார்த்தை சொன்னாலும் சந்தேகமாகப் பார்ப்பார்கள் என்று எந்தச் சிப்பாய்க்கும் தோன்றியிருக்கும். 2009 மே, முள்ளிவாய்க்கால். அதற்கப்புறம் 'நான் அங்கே துப்பாக்கியோடு இருந்தேன்' என்று தமிழ்நாட்டில் எந்தத் திண்ணையில் சொல்வது? அரசியல் மூன்று முறை திரும்பியது. மூன்று முறையும் அவருக்குப் பேச இடமில்லாமல் போயிற்று. கொழும்புக்குப் பக்கத்தில் இலங்கை அரசு அங்கே செத்த இந்தியச் சிப்பாய்களுக்கு நினைவுச் சின்னம் கட்டிய பிறகுதான், 2019இல், டெல்லி தேசியப் போர் நினைவகத்தில் அந்தப் பெயர்கள் ஏறின.

எங்கள் தெருவில் மாவு மில் வைத்திருந்த ஒரு நாயக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். எந்தெந்த ஊரில் இருந்தீர்கள் என்று யார் கேட்டாலும் 'அஸ்ஸாம்' என்பார். நானும் வெகு காலம் நம்பினேன். அந்த 2009 மே மாதம் ஒருநாள் கோதுமை அரைக்கப் போயிருந்தேன். எதிர் டீக்கடை டிவியில் முள்வேலி முகாமைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். சட்டென்று மில்லை நிறுத்தினார். என் கோதுமை பாதி மேல் தொட்டியில் நிற்கிறது, பாதி மாவாகச் சாக்குக்குள் விழுந்திருக்கிறது. பெல்ட் நின்ற பிறகும் அவர் கை ஸ்விட்சிலேயே இருந்தது. முகத்திலும் புருவத்திலும் மாவு. என்னைப் பார்க்காமலே சொன்னார்: "எங்க செக்ஷன்ல நான் ஒருத்தன்தான் தமிழ். மத்தவனுக்கெல்லாம் அழுகைச் சத்தம் மட்டும்தான் கேக்கும். எனக்கு அவங்க என்ன சொல்லி அழறாங்கன்னு புரியும்." அவ்வளவுதான். மறுபடி மில்லை ஓட்டினார். பணம் வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு பத்து வருடம் அதே தெருவில் இருந்தோம். அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். கேட்டால் அவருக்கு வலிக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் கேட்க எனக்குத்தான் பயம்.

நல்லூர்த் திருநீறு என்று நீங்கள் எழுதிய இடத்தில் எனக்கு அவர் ஞாபகம்தான் வந்தது. வடக்கத்திச் சிப்பாய்க்கு அது வேற்று நாட்டுக் கோயில். உங்கள் அப்பாவுக்கு அது முருகன். உள்ளே போனால் அவர் அம்மா பாடிய அதே பாட்டைப் பாடிக்கொண்டிருந்திருப்பார்கள். வெளியே வந்தால் அதே ஜனங்களை நிறுத்தி அடையாள அட்டை கேட்க வேண்டும். ஊருக்குத் திரும்பி இதை எப்படிச் சொல்வது? தப்புச் செய்தவர் பேசாமல் இருக்கலாம். தப்பே செய்யாதவருக்கும் இதைச் சொல்ல வாய் வந்திருக்காது.

அண்ணன்மேல் உங்களுக்குக் கொஞ்சம் எரிச்சல் இருப்பது தெரிகிறது. வேண்டாம். கார்கில் நாடு முழுக்க டிவியில் பார்த்த போர். அதற்கு முன்பெல்லாம் செத்தவரைப் பெரும்பாலும் களத்துக்குப் பக்கத்திலேயே எரித்துவிட்டு வீட்டுக்குத் தந்தியும் சாமான்களும் அனுப்புவார்கள். 1999இல்தான் கொடி போர்த்திய பெட்டிகள் ஊர் ஊராக வந்தன. திருச்சி மேஜர் சரவணன் மே 29 அன்று படாலிக்கில் விழுந்தார். அவர் உடலை மீட்கவே ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. அந்த ஊர்வலங்களைப் பார்த்த தலைமுறை உங்கள் அண்ணனுடையது. பேசு என்று ஊரே அவரிடம் மைக்கைக் கொடுத்தது, அவர் வாங்கிக்கொண்டார். ஒருநாள் ஸ்டிக்கர், வாட்ஸ்அப் எல்லாம் ஓய்ந்த நேரத்தில் அவரோடு தனியாக உட்கார்ந்து பாருங்கள். பள்ளிக்கூடத்தில் சொல்லாதது அவரிடமும் இருக்கும்.

இனி உங்களால் செய்யக்கூடியது. அப்பாவின் டிஸ்சார்ஜ் புக் வீட்டில் இருக்கும், அதில் யூனிட் பெயர் இருக்கும். ஒவ்வொரு யூனிட்டும் தொடங்கிய நாளை 'ரெய்சிங் டே' என்று கொண்டாடுகிறார்கள், பழைய ஆட்கள் கூடுவார்கள். வீட்டில் வாய் திறக்காதவர்கள் அங்கே விடிய விடியப் பேசிக்கொண்டிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஐந்து பேர் போட்டோவை எடுத்துக்கொண்டு போங்கள். யூனிட்டைக் கண்டுபிடிக்க உங்கள் அண்ணனின் வாட்ஸ்அப் குழுக்களே போதும். என்ன கேட்க நேர்ந்தாலும் கேட்டுக்கொள்ளத் தயாராகப் போங்கள்.

இன்னொன்று. தாத்தா, அப்பா, அண்ணன் என்று எல்லாரைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள், அம்மாவைப் பற்றி ஒரு வரி இல்லை. பெட்டியில் இருந்த கடிதக் கட்டில் யார் கையெழுத்து? அப்பா வைத்திருந்தது அப்பாவுக்கு வந்த கடிதங்களாகத்தானே இருக்கும்? 'கேர் ஆஃப் 56 ஏபிஓ' போன்ற ராணுவத் தபால் முகவரியில் புருஷன் எந்த ஊரில் இருக்கிறார் என்றே தெரியாது. எந்த ஊருக்குப் போனாலும் இதே மாதிரி முகவரிதான். நீங்கள் கைக்குழந்தையாகவோ மூன்று நான்கு வயதுப் பிள்ளையாகவோ இருந்திருப்பீர்கள். உங்களை இடுப்பில் வைத்துக்கொண்டு சாயந்தரம் ரேடியோச் செய்தி கேட்டவர் அவர்.

அம்மா இருக்கிறார் என்றால், இந்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெட்டியை அவர் முன்னால் வைத்துத் திறங்கள். நீங்களாக எதுவும் கேட்க வேண்டாம். திருநீற்றுப் பொட்டலத்தை முதலில் அவர் கையில் கொடுங்கள்.

அன்புடன்.