தர்மசங்கடம் எது, ஆசை எது? – வாசகர் கேள்விகள்

கேள்வி: ரயிலில் போகும்போது, 'டிக்கெட் செக் பண்றவர் கேட்டா நாலு வயசுன்னு சொல்லு' என்று எங்கள் ஆறு வயது மகளுக்கு என் கணவர் சொல்லிக்கொடுக்கிறார். கேட்டால், ஊரில் எல்லாரும் செய்வதுதானே என்கிறார். – ஒரு தாய், விழுப்புரம்

ஐந்து வயது முடியாத பிள்ளைக்குத்தான் ரயிலில் டிக்கெட் வேண்டாம். அதற்கு மேல் 12 வயதுக்குள் என்றால், தனி பெர்த் கேட்காதவரை அரை டிக்கெட். பெரிய தொகை இல்லை. ஆனால் ஆறு வயதுப் பிள்ளைக்குத் தன் வயதைச் சொல்வதே ஒரு பெருமை, ஒரு கை முழுக்க விரித்து இன்னொரு கையில் ஒரு விரலையும் சேர்த்துக் காட்டும், அந்த விரல்களில் இரண்டை மடக்கு என்று நாமே சொல்லிக்கொடுக்கிறோம். இதில் தர்மசங்கடம் எதுவும் இல்லை, காசை மிச்சம் பிடிக்கும் ஆசை மட்டும்தான். அடுத்த முறை மகளையே கவுன்டருக்குக் கூட்டிப்போய், வயதை அவள் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். உங்கள் கணவரும் பக்கத்தில் நிற்கட்டும்.

கேள்வி: ஒன்பதாம் வகுப்புக்கு நீதிபோதனை எடுக்கிறேன். எதை விவாதிக்கச் சொன்னாலும் 'உண்மை பேசணும் சார்' என்று எல்லாரும் ஒரே பதிலைச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். – ஓர் ஆசிரியர், திண்டிவனம்

கேள்விக்குள்ளேயே பதில் இருந்தால் பிள்ளைகள் உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் பேசுவார்கள். அமெரிக்க உளவியலாளர் லாரன்ஸ் கோல்பர்க் 1958இல் முடித்த தன் முனைவர் பட்ட ஆய்வுக்காகச் சிறுவர்களிடம் பல கதைகளைச் சொல்லிக் கருத்துக் கேட்டார். அப்படிக் கேட்ட கதைகளில் பிரபலமானது ஹைன்ஸ் கதை. ஹைன்ஸ் என்பவனின் மனைவி சாகக் கிடக்கிறாள், மருந்து ஒரே கடையில்தான் இருக்கிறது, கடைக்காரர் அடக்கவிலையைப் போல் பத்து மடங்கு கேட்கிறார், கணவனால் பாதிப் பணம்தான் திரட்ட முடிந்தது, கடனும் தர மாட்டேன் என்கிறார். அவன் கடையை உடைத்துத் திருடுகிறான். செய்தது சரியா? சரி, தப்பு என்ற பதிலைவிட அதற்குச் சொன்ன காரணத்தைத்தான் கோல்பர்க் கவனித்தார். 'போலீஸ் பிடிச்சுடும்' என்பதற்காகத் தப்பு என்கிற பையனும், 'கஷ்டப்பட்டுச் சம்பாதிச்சவர் பொருள்' என்பதற்காகத் தப்பு என்கிற பையனும் ஒரே இடத்தில் நிற்கவில்லை, பாருங்கள்.

ஆனால் ஹைன்ஸ் உங்கள் பிள்ளைகளுக்குத் தூரத்து ஆள். அவர்கள் வகுப்பிலிருந்தே எடுங்கள். வகுப்பில் பேசியவர்கள் பெயரை லீடர் கரும்பலகையில் எழுத வேண்டும். இன்று பேசியவன் அவனுடைய உயிர் நண்பன். இன்னொரு தடவை பெயர் வந்தால் அப்பாவைக் கூட்டிவரச் சொல்வார்கள், அந்த அப்பா குடித்துவிட்டு பெல்ட்டால் அடிப்பவர் என்பது லீடருக்கு மட்டும்தான் தெரியும். எழுதுவானா? எழுதாமல் விட்டால், பெயர் எழுதப்பட்ட மற்ற நாலு பேருக்கு என்ன சொல்வான்? முதலில் துண்டுச்சீட்டில் பெயர் போடாமல் எழுதி வாங்கிவிட்டு அப்புறம் பேசவிடுங்கள். மணி அடிக்கும்வரை உங்கள் கருத்தைச் சொல்லாதீர்கள், அதுதான் இருப்பதிலேயே கஷ்டம்.

கேள்வி: பிளஸ் ஒன் படிக்கிறேன். என் தோழிக்குப் பரீட்சை லீவில் கல்யாணம் வைத்திருக்கிறார்கள். 16 வயதுதான். யாரிடமும் சொல்லக்கூடாது என்று என் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். – பெயர், ஊர் வேண்டாம்

கண்ணு, இது உண்மையிலேயே தர்மசங்கடம். கொடுத்த வாக்கும் பெரியது, அவள் வாழ்க்கையும் பெரியது. ஆனால் ஒன்று யோசித்துப் பார். முழுசாக மறைக்க நினைத்திருந்தால் அவள் உன்னிடமே சொல்லியிருக்க மாட்டாள். பயத்தில் வாங்கிய சத்தியம் அது. அதை நீ மீறலாம், மீற வேண்டும் என்றுதான் நான் சொல்வேன். அவள் சில மாதம் உன்னோடு பேசாமல்கூடப் போகலாம், அந்த வலி உனக்கு இருக்கும், இல்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன்.

பெண்ணுக்கு 18 வயது ஆகாமல் கல்யாணம் செய்துவைப்பது 2006ஆம் வருடச் சட்டப்படி குற்றம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு எந்த நேரத்திலும் இலவசமாகப் பேசலாம், சொன்னது யார் என்பதை வெளியே விடமாட்டார்கள். அவளுடைய அம்மா அப்பாவிடம் மட்டும் நீயே போய்ப் பேசாதே, விஷயம் வெளியே போய்விட்டது என்று தெரிந்தால் கல்யாணத் தேதியை முன்னால் நகர்த்திவிடுவார்கள். உனக்கு நம்பிக்கையான டீச்சர் ஒருவர் இருப்பார் இல்லையா, நாளைக்குக் காலையில் பிரேயருக்கு முன்னாலேயே அவரைத் தனியாகப் பார். கல்யாணத் தேதி, மண்டபம், அவள் வீடு இருக்கும் தெரு, தெரிந்ததையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போ. பேச வாய் வராவிட்டால் அந்தத் தாளை மட்டும் கொடு.