கோயிலா, கோவிலா? கோப்பு அடுக்குவோர் கேள்விகள்

கேள்வி: ஒரே படம் ‘கல்யாணம்’, ‘தஞ்சாவூர்’ இரண்டு ஃபோல்டருக்கும் பொருந்துகிறது. எதில் வைப்பது?

ஏதாவது ஒன்றில் வையுங்கள், மற்றது டேக், அதாவது கோப்பில் ஒட்டும் குறிச்சொல். இரண்டு நகல் மட்டும் வேண்டாம். ஒரு நூலை ஒரே பெட்டியில் அடைக்காமல், அதன் பொருளைப் பல முகங்களாகப் பிரித்து எண் கட்டும் கோலன் பகுப்பு முறையை, சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1933இலேயே கொடுத்துவிட்டார்.

கேள்வி: ஃபோல்டருக்குள் ஃபோல்டர் எத்தனை அடுக்கு போகலாம்?

மூன்று.

கேள்வி: பத்தாயிரம் ஸ்கேனுக்கும் டேக் போட்டேன். ‘கோயில்’ என்று தேடினால் பாதிதான் வருகிறது. மென்பொருளில் கோளாறா?

மென்பொருளைத் திட்டாதீர்கள். நீங்கள் அனுப்பிய பட்டியலில் கோயில், கோவில், ஆலயம், திருக்கோயில் என்று நாலு டேக் இருக்கின்றன. போதாக்குறைக்கு ‘கோயில்கள்’ வேறு. அன்றன்று கைக்கு வந்ததை அடித்திருக்கிறீர்கள். டேக் போடுவதற்கு முன் சொற்பட்டியல் எழுதுங்கள் என்று எத்தனை முறைதான் சொல்வது! ஒரு சொல்லைத் தேர்ந்தெடுங்கள், மற்றவற்றுக்கு எதிரே ‘கோயில் பார்க்க’ என்று குறியுங்கள். நூலக அட்டைகளில் காலங்காலமாக நடந்த வேலைதான் இது. ஆள் பெயருக்கும் இதே கதி: உ.வே.சா., சாமிநாதையர், சாமிநாத ஐயர் மூவரும் ஒருவரே என்று கணினிக்கு யார் சொல்வது?

அப்புறம், கண்ணுக்குத் தெரியாத ஒன்று. ‘கோ’வின் ‘ோ’வை யூனிகோடில் (கணினியில் எழுத்துகளுக்கு எண் தரும் முறை) ஒரே குறியாகவும் வைக்கலாம், ‘ே’, ‘ா’ என்று இரண்டாகவும் வைக்கலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. தேடும்போது ஒன்று சிக்கும், ஒன்று நழுவும். பட்டியல் முழுவதையும், பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி (NFC) வடிவத்துக்கு மாற்றுங்கள். அதற்கு முன் பேக்கப்.

கேள்வி: அகரவரிசைப்படுத்தினால் ‘வ’வுக்கு முன் ‘ழ’ வருகிறதே?

வெறும் யூனிகோட் எண்படி அடுக்கியிருக்கிறது. அதில் ‘ந’வை அடுத்தே ‘ன’, ‘ர’வை அடுத்தே ‘ற’. வரிசைப்படுத்தும் மொழியைத் தமிழ் என்று மாற்றுங்கள்.

கேள்வி: என் தேவாரத் தொகுப்புக்கு, நூலகங்களில் நூல்களைப் பொருள்வாரியாக அடுக்கும் டூயி எண் போடலாமா?

நூலகத்துக்குச் சரி. வீட்டுக்கு வேண்டாம். 1876இல் அமெரிக்காவில் பிறந்த முறை. மதத்துக்கான 200களில் பெரும்பகுதி கிறித்தவத்துக்குப் போக, இந்து சமயம் 294.5இல் ஒண்டிக்கொண்டிருக்கிறது. தமிழ் இலக்கியம் என்று கொண்டால் 894.811. எங்கே வைப்பீர்கள்?

கேள்வி: ‘மற்றவை’ ஃபோல்டர் தப்பா?

தப்பில்லை. நூறு கோப்பு தாண்டினால் திறந்து பாருங்கள். பெயர் வைக்காத வகை ஒன்று உள்ளே உட்கார்ந்திருக்கும்.

கேள்வி: எல்லாம் கலந்து கிடக்கிறது. நல்ல ஆப் சொல்லுங்கள்.

என்ன கோப்பு, எத்தனை, யார் தேடப்போகிறார்கள்? ஒன்றையும் எழுதவில்லை. சொற்பட்டியலோடு மறுபடி எழுதுங்கள்.