லூப்ளின் ஒன்றியத்தை எதிர்த்த ராட்விலா யார்?

1569-இல் போலந்தையும் லித்துவேனியாவையும் ஒரே அரசாக இணைத்த லூப்ளின் ஒன்றியத்தை எதிர்த்தவர், லித்துவேனியப் பிரபு 'சிவப்பு' மிக்கலோயுஸ் ராட்விலா. எதிர்த்தவர் என்று நீங்கள் குறித்து வைத்திருக்கும் 'கறுப்பு' ராட்விலா 1565-லேயே இறந்துவிட்டார். அதனால்தான் உங்கள் காலவரிசை இடிக்கிறது.

இருவரும் ஒன்றுவிட்ட சகோதரர்கள், பெயரும் ஒன்றே. போதாததற்கு, லித்துவேனியாவின் சான்சலர் பதவியும் வில்னியஸ் ஆளுநர் பதவியும் கறுப்பருக்குப் பின் சிவப்பருக்கே வந்தன. பதவியை வைத்துத் தேடினால் யாருமே குழம்புவார்கள்.

ஒவ்வொரு குறிப்பிலும் ஆண்டைப் பாருங்கள். 1565-க்கு முன் என்றால் செயலைப் பாருங்கள்: 1563-இல் போலிஷ் மொழியில் வந்த பிரெஸ்ட் பைபிளுக்குப் பணம் கொடுத்தவர் கறுப்பர், 1564-இல் மாஸ்கோ படைக்கு எதிராக உலா ஆற்றருகே நடந்த போரில் படை நடத்தியவர் சிவப்பர். போலந்து அரசி பார்பராவின் உடன்பிறந்த அண்ணனும் சிவப்பரே.

ஒரு எச்சரிக்கை: கறுப்பரின் மகனும் மிக்கலோயுஸ்தான். 'அநாதை' என்ற பட்டப்பெயர் கொண்ட அவர் 1616 வரை வாழ்ந்தார். 1565-க்குப் பிந்தையதெல்லாம் சிவப்பர் என்று எழுதிவிடாதீர்கள்.