அட்டவணையில் இல்லாத சங்கீதம்

கேள்வி: ஒன்பது வருடமாக, வருடத்துக்கு ஒரு தடவை வேதாகமம் முழுவதையும் வாசித்து முடிக்கிறேன். காலையில் கதவைச் சாத்திக்கொண்டு தினமும் நான்கு அதிகாரம், ஒருநாளும் தவறியதில்லை. ஆனாலும் ஆவிக்குரிய வளர்ச்சி இல்லை, உள்ளம் வறண்டு கிடக்கிறது. வீட்டில் பெரிய தொந்தரவு எதுவும் கிடையாது. அம்மாவுக்குப் பார்வை மங்கிவிட்டது; '71-ஆம் சங்கீதம் வாசிப்பா' என்று அடிக்கடி கூப்பிடுவார்கள். அட்டவணை கெடுகிறதே என்று போனில் ஆடியோ பைபிள் போட்டுக் கொடுத்துவிட்டேன். வேறு எந்த முறையில் வாசித்தால் வளருவேன்?

பதில்: தம்பி, 'முறையை மாற்றினால் வளருவேனா' என்று வரும் கடிதங்களுக்குக் கணக்கே இல்லை. முறையை விடுங்கள். 71-ஆம் சங்கீதத்தில் என்ன இருக்கிறது? புத்தகத்தைத் திறக்காமல் சொல்லுங்கள், பார்ப்போம்.

ஒன்பதாம் வசனத்தில், முதிர்ந்த வயதில் என்னைத் தள்ளிவிடாதேயும், பெலன் ஒடுங்கும்போது கைவிடாதேயும் என்று ஒருவர் கெஞ்சுகிறார். பதினெட்டாம் வசனத்தில், நரைத்த பிறகும் கைவிடாதேயும் என்று மறுபடியும் அதே கெஞ்சல். ஒன்பது தடவை உங்கள் கண் அந்த வரிகள்மேல் ஓடியிருக்கிறது. இருக்கிற 150 சங்கீதங்களில் அதைத்தான், அதுவும் உங்கள் வாயால், பெற்ற தாய் கேட்கிறார். நீங்கள் போனை நீட்டியிருக்கிறீர்கள். அதைத் 'தொந்தரவு' என்ற சொல்லுக்குப் பக்கத்திலேயே எழுதவும் கை வந்திருக்கிறது!

ஆடியோவைக் குறை சொல்லவில்லை. நீங்கள் வேலைக்குப் போயிருக்கும்போது அது நல்ல துணைதான். நீங்கள் பக்கத்து அறையில் இருக்கும்போது அல்ல.

மாற்கு 7-ஆம் அதிகாரத்தையும் ஒன்பது தடவை முடித்திருப்பீர்கள். தாய் தகப்பனுக்குச் சேர வேண்டியதை 'கொர்பான்', அதாவது தேவனுக்குக் காணிக்கை என்று சொல்லிக் கைகழுவியவர்களை இயேசு சும்மா விடவில்லை. தேவ வசனத்தையே அவமாக்குகிறீர்கள் என்றார். அங்கே காணிக்கையாய்ப் போனது பொருள். உங்கள் வீட்டில் காலை நேரம். பெற்றவளை வெளியே நிறுத்திவிட்டுத் தேவனோடு தனியாகப் பேசலாம் என்ற ஏற்பாட்டில் எனக்குத் துளியும் நம்பிக்கை இல்லை.

வளர்ந்தவர்களுக்கான போதனையை வேதம் 'பலமான ஆகாரம்' என்கிறது. அது யாருக்கு? எபிரெயர் 5:14-ஐப் பாருங்கள். நன்மை எது, தீமை எது என்று பயிற்சியினால் பகுத்தறியப் பழகினவர்களுக்கு. எத்தனை அதிகாரம் முடித்தார்கள் என்ற பேச்சே அங்கு இல்லை. (அதிகார எண்களே 13-ஆம் நூற்றாண்டில் வந்தவை.) முதலாம் சங்கீதத்தில் 'தியானம்' என்று வாசிக்கிறோமே, அந்த எபிரெயச் சொல்லுக்கு வாய்விட்டு முணுமுணுப்பது என்றும் பொருள் உண்டு. ஏசாயா 31:4-ல் இரையின்மேல் சிங்கம் உறுமுவதற்கும் அதே சொல்தான். நான்கு அதிகாரத்தை ஓட்டமாய் முடிக்கிறவனுக்கு அந்த உறுமல் வராது. காதுகொடுத்துக் கேட்கும் ஒருவருக்காக நிறுத்தி நிறுத்தி வாசித்தால் வரும். பவுலின் இளம் உடன் ஊழியன் தீமோத்தேயு சிறுவயது முதலே வேத எழுத்துகளை அறிந்தவன். அவனுடைய விசுவாசம் பாட்டி லோவிசாளிடமும் தாய் ஐனிக்கேயாளிடமும் முதலில் இருந்தது என்கிறார் பவுல். உங்களுக்கு முதல் வசனத்தைச் சொல்லிக்கொடுத்தது யார்? நீங்கள் எழுதவில்லை. என்னால் ஊகிக்க முடிகிறது.

நாளைக் காலை கதவைத் திறந்து வையுங்கள். அம்மாவின் கட்டிலருகே போய் உட்காருங்கள். 24 வசனம்தான். ஒன்பதாம் வசனம் வரும்போது புத்தகத்திலிருந்து கண்ணை எடுத்து அவர் முகத்தைப் பாருங்கள். முடித்ததும் எழுந்து ஓடாமல், அடுத்து எது வேண்டும் என்று கேளுங்கள். இந்த வருடம் பைபிள் முடியாமல் போனால் போகட்டும்.